வாயிலருகே ஒரு மேசை

பன்னர்கட்டா தேசியப் பூங்காவின் டிக்கெட் கவுண்டரிலிருந்து சற்றுத் தள்ளி, மரநிழலில், மடக்கு மேசை ஒன்றும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டு ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்திருந்தேன். பல வருஷங்களுக்கு முந்தைய சமாசாரம். பெங்களூரில் பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு நண்பருக்காக. கூலி, மதியச் சாப்பாடும் பஸ் காசும். எனக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும் என்பதுதான் என்னிடம் அவர் கண்ட தகுதி. உத்தனப்பள்ளியில் பிறந்த எவனுக்கும் இருக்கக்கூடிய தகுதிதான் அது.

கேள்வித்தாளில் பதினான்கு கேள்விகள். எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேர், எதில் வந்தீர்கள், பெட்ரோலுக்கோ பஸ்ஸுக்கோ எவ்வளவு ஆயிற்று, வரும் வழியில் வேறு எங்காவது போனீர்களா, வருஷத்தில் எத்தனை முறை வருவீர்கள், மாத வருமானம் இந்த நான்கில் எந்தக் கட்டத்தில் வரும். கடைசிக் கேள்வி: நுழைவுக் கட்டணத்தை இவ்வளவு உயர்த்தினால் அப்போதும் வருவீர்களா? வருமானக் கேள்விக்குப் பெரும்பாலோர் பொய் சொன்னார்கள். கடைசிக் கேள்விக்கு எல்லோருமே, கட்டணத்தை உயர்த்தப்போகிறவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டு பதில் சொன்னார்கள்.

இதைச் செய்வதன் நோக்கத்தை நண்பர் முதல் நாளே விளக்கினார். ஒரு காட்டை, அதில் பொழுதைக் கழிக்க வருகிறவர்களின் விருப்பத்தை, எப்படி அளப்பது? சந்தையில் அதற்கு விலை கிடையாது. டிக்கெட் விலை யாரோ ஒரு அதிகாரி போட்டது, அதற்கும் விருப்பத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வருகிறவன் டிக்கெட் மட்டுமா வாங்குகிறான்? தூரத்தைக் கடந்து வருகிறான். தூரத்துக்குச் செலவு உண்டு. அந்தச் செலவுதான் அவன் உண்மையில் கொடுத்த விலை.

இந்த யோசனை முதலில் ஒரு கடிதத்தில் வந்தது. 1947இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இயக்குநர் சில பொருளாதார நிபுணர்களைக் கேட்டிருந்தார்: பூங்காக்களால் மக்களுக்குக் கிடைக்கும் நன்மையைப் பணத்தில் சொல்ல முடியுமா? ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற கணிதப் பொருளாதாரவாதி எழுதிய பதில் சுருக்கமானது. பூங்காவை மையமாக வைத்து வட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் எத்தனை பேர் வருகிறார்கள், அந்த வளையத்தின் ஜனத்தொகையில் அது என்ன விகிதம், அங்கிருந்து வர என்ன செலவு என்று பாருங்கள். தூரம் கூடக் கூட விகிதம் குறையும். அந்தச் சரிவிலிருந்து தேவைக் கோட்டை வரைந்துவிடலாம். அப்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1958-59 வாக்கில், மரியன் கிளாஸன் போன்றவர்கள் கைக்கு வந்தபின் அது ஒரு முறையாயிற்று. பயணச் செலவு முறை என்று பெயர். இன்றைக்கும் உலகம் முழுவதும் பூங்காக்களுக்கு வருவோரின் தேவையை இதை வைத்தோ, இதன் பிள்ளை பேரன்களை வைத்தோதான் கணக்கிடுகிறார்கள்.

நண்பர் ஒரு வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டங்கள் போட்டிருந்தார். முதல் வளையத்தில் பன்னர்கட்டா, ஜிகணி, ஆனேக்கல். இரண்டாவதில் பெங்களூரின் பெரும்பகுதியும் ஓசூரும். மூன்றாவதின் ஓரத்தில், பென்சில் கோட்டுக்கு அடியிலேயே, உத்தனப்பள்ளி. எங்கள் ஊரை ஒரு வரைபடத்தில் யாரோ குறிப்பிட்டு வைத்திருந்ததை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மேசையில் உட்கார்ந்ததும் கோடுகள் குழம்பத் தொடங்கின. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரு உறவினரைப் பார்க்க வந்தது. டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்றதால் குழந்தைகளுக்குச் சிங்கத்தைக் காட்டக் கூட்டிவந்திருந்தார்கள். இருநூறு கிலோமீட்டர்ச் செலவை யார் கணக்கில் எழுதுவது, சிங்கத்தின் கணக்கிலா, நோயாளியின் கணக்கிலா? பல நோக்கப் பயணம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தபின் அதை எப்படிப் பிரிப்பது என்பதில் இன்றுவரை சண்டை. ஒகேனக்கல்லில் இதே மேசையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்வேன். ஆடிப் பதினெட்டுக்கு வருகிறவன் குளிக்க வருகிறான், சாமி கும்பிட வருகிறான், எண்ணெய் தேய்த்துக்கொள்ள, மீன் சாப்பிட, பரிசலில் போக வருகிறான், போன வருஷம் செத்துப்போன தகப்பனை நினைத்துக்கொள்ளவும் வருகிறான். எல்லாம் ஒரே பஸ் டிக்கெட்டில்.

நேரத்தின் விலை இன்னொரு குழப்பம். பயணத்தில் போன நேரமும் செலவுதான் என்பது சரி. ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை? அவன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது வழக்கமாம். ஏன் மூன்றில் ஒன்று என்று கேட்டேன். ஏதாவது ஒன்று வைத்தாக வேண்டும் அல்லவா என்றார் நண்பர். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான், தெரியாததை மறைக்க மாட்டார்.

இளம் ஜோடிகள் நிறைய வருவார்கள். கேள்வித்தாளைக் கண்டால் ஓடுவார்கள். ஒரு பையன் மட்டும் பதில் சொன்னான். வருஷத்தில் எத்தனை முறை வருவாய் என்றதற்கு, வாரம் ஒரு முறை என்றான். எந்த மிருகம் பிடிக்கும் என்றதற்குச் சிரித்தான். நான் எழுதிக்கொண்டேன்: வருகை ஐம்பத்திரண்டு, நோக்கம் பொழுதுபோக்கு. அந்த ஒன்பது வாரங்களில் தேவைக் கோட்டை மிக உறுதியாக மேலே தூக்கிப் பிடித்தவன் அவன்தான். அவனுக்கு வேண்டியிருந்தது புலியல்ல, யாரும் கேள்வி கேட்காத ஒரு நிழல்.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் சிரிக்கத் தயாராவது எனக்குத் தெரிகிறது. காட்டுக்கு விலை போடுகிறான், அருவிக்குக் கோடு வரைகிறான், இதைவிட அபத்தம் உண்டா என்று. இந்தச் சிரிப்பு எனக்கும் பழக்கமானதுதான். எண்களைக் கண்டதும் முகம் சுளிப்பது நம் வட்டாரத்தில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஆனால் அளக்க முடியாதது என்று நாம் சொல்லிவிட்டு எழுந்து போன இடங்களில், அளக்கத் தெரிந்தவன் பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அணை கட்டுகிறவனிடம் யூனிட் கணக்கு இருக்கும், ஏக்கர் கணக்கு இருக்கும். எதிரில் நிற்பவனிடம் ஒரு எண்ணும் இருக்காது. எண் இல்லாத இடம் கூட்டலில் பூஜ்யம்தான்.

ஜான் குருட்டில்லா என்ற பொருளாதாரவாதி 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு காட்டை ஒருபோதும் போய்ப் பார்க்காதவனுக்கும் அது இருக்கிறது என்பதே ஒரு பொருட்டாக இருக்கலாம், அந்தப் பொருட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. அவரும் அவருடன் இருந்தவர்களும், ஸ்நேக் நதியின் ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கை அணையில் மூழ்கடிப்பதா என்ற வழக்கில், பொழுதுபோக்க வருவோரின் எதிர்காலத் தேவையையே கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். 1975இல் அந்தப் பள்ளத்தாக்கைச் சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். கணக்கினால் மட்டும் காப்பாற்றப்பட்டது என்று சொல்ல மாட்டேன். கணக்கும் அதன் பக்கத்தில் நின்றது.

நமக்கு அருகில் இருப்பது சைலண்ட் வேலி. அங்கே வாயிலில் மேசை போட்டிருந்தால் ஈயோட்ட வேண்டியதுதான். யார் போனார்கள் அங்கே? அதற்காகக் குரல் எழுப்பிய கேரள எழுத்தாளர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? சுகதகுமாரி எழுதிய கவிதை அந்தப் போராட்டத்தின் பாட்டாகவே ஆயிற்று. 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பயணச் செலவு முறைப்படி பார்த்தால் ஏறக்குறைய மதிப்பே இல்லாத ஒரு காட்டை, போய்ப் பார்க்காதவர்களின் பிடிவாதம் காப்பாற்றிவிட்டது. குருட்டில்லா கணக்கில் சேர்க்கச் சொன்னது இந்தப் பிடிவாதத்தைத்தான். கவிஞர்களுக்கும் பொருளாதாரவாதிகளுக்கும் இடையே நாம் நினைக்கிற அளவு தூரம் இல்லை. இருநூறு முந்நூறு பிரதிகளுக்கு மேல் போகாத பத்திரிகைகளில் எழுதுகிற நமக்கு, வருகிறவர்களின் எண்ணிக்கையே மதிப்பு அல்ல என்ற வாதம் ரொம்ப சௌகரியமானதும்கூட. அதனாலேயே அதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இந்தக் கணக்குகள் நீதிமன்றம் வரை வந்துவிட்டன. 2012இல் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை உச்ச நீதிமன்றம் சில மாதங்கள் நிறுத்தி வைத்து, பிறகு விதிமுறைகளோடு அனுமதித்தது. மையப் பகுதியில் அதிகபட்சம் 20 சதவீதத்துக்குள்தான் சுற்றுலா. ஒரு நாளில் எத்தனை வண்டி போகலாம் என்பதற்குச் சாலையின் நீளம், வண்டிக்கும் வண்டிக்கும் இடையே விட வேண்டிய தூரம், பூங்கா திறந்திருக்கும் நேரம், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் எல்லாம் வைத்து ஒரு வாய்பாடு. 2024இல் நீலகிரிக்குத் தினமும் ஏறத்தாழ 20,000 வாகனங்கள் வருகின்றன என்று அரசாங்கம் சொன்னதைக் கேட்டுத் திகைத்த சென்னை உயர் நீதிமன்றம் இ-பாஸ் வைக்கச் சொன்னது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு போட்டது. எத்தனை பேருக்கு வர ஆசை என்பது ஒரு கேள்வி. எத்தனை பேரை அந்த மலை தாங்கும் என்பது வேறு கேள்வி. முதலாவதைக் கணக்கிடாமல் விட்டதால் இரண்டாவதைக் கோர்ட்டில் கேட்க வேண்டியதாயிற்று. இந்த இ-பாஸில் உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அது நியாயம். ஆனால் விலக்கு என்ற வார்த்தையில் எனக்கு ஒரு பழைய உறுத்தல் இருக்கிறது.

எங்கள் கேள்வித்தாளின் பின்பக்கத்தில், கேட்பவருக்கான குறிப்புகளில், அந்த வார்த்தை இருந்தது. பூங்காவை ஒட்டிய கிராமங்களிலிருந்து நடந்து வருவோர், விறகு பொறுக்குவோர், ஆடு மாடு மேய்ப்போர் ஆகியோரை விலக்கிவிடவும். காரணம் நியாயமானதே. அவர்கள் பொழுதுபோக்க வந்தவர்களல்ல, பயணச் செலவும் கிடையாது. ஐந்தாவதோ ஆறாவதோ ஞாயிறு, தலையில் சுள்ளிக் கட்டோடு ஒரு கிழவி மேசைக்கு எதிரில் வந்து நின்றாள். கட்டை இறக்காமலே, என்ன எழுதுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள். சொன்னேன். என்னையும் எழுதிக்கொள் என்றாள். நீங்கள் உள்ளூர்க்காரர் ஆயிற்றே அம்மா, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் என்றேன். அவள் கோபப்படவில்லை. அப்படியா, சரி என்று நகர்ந்துவிட்டாள். நண்பர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். நான் செய்தது சரிதான் என்று பிறகு சொன்னார்.

பரத்பூர் கதையை நான் படித்தது அதற்கப்புறம். கியோலாதேவ் சதுப்பு நிலம் 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாயிற்று. 1982 நவம்பரில் உள்ளே மாடு மேய்க்கத் தடை வந்தது. காலங்காலமாக எருமை ஓட்டிப்போன கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் சிலர் செத்துப்போனார்கள். பிறகு நடந்ததுதான் விசித்திரம். எருமைகள் போனபின் நீர்ப்பரப்பில் புல் தாறுமாறாக மண்டி, பறவைகளுக்கு இடமில்லாமல் போயிற்று என்று பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் நீண்ட ஆய்வு சொன்னது. இந்தியாவில் பயணச் செலவு முறையை வைத்து வருவோர் தேவையைக் கணக்கிட்ட முக்கியமான ஆய்வுகள் இதே பரத்பூரில்தான் நடந்தன. காஞ்சன் சோப்ராவும் அவருடன் பணியாற்றியவரும் 2004இல் எழுதியதன்படி, வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த நீர்நிலையின் ஆரோக்கியம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பெல்ஜியத்திலிருந்தோ டில்லியிலிருந்தோ கொக்கு பார்க்க வருகிறவனின் தேவைக் கோட்டுக்கு அடியில், கோட்டில் இடம் பெறாத ஒரு எருமை நின்றுகொண்டிருப்பது தெரியும். எருமையை ஓட்டியவனும் அங்கே நிற்கிறான். அவனைக் கணக்கில் விலக்கியாயிற்று. பிறகு உண்மையிலேயே விலக்கியாயிற்று.

இனி எங்கள் ஊர். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் ரோட்டில் சானமாவுக் காட்டைத் தாண்டினால் உத்தனப்பள்ளி. ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு முற்றும்போது பன்னர்கட்டாவிலிருந்து யானைகள் கிளம்பும். ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்க்கம் என்று காடு காடாகக் கடந்து சானமாவுக்கு வந்து சேரும். பகலில் காட்டில் நிற்கும், ராத்திரி வயலுக்கு வரும். தை மாசி வரை இருக்கும். பேப்பரில் தினமும் எண்ணிக்கை வரும்: சானமாவில் இத்தனை யானைகள் முகாம். வனத்துறையார் தண்டோரா போடுவார்கள், பட்டாசு வெடிப்பார்கள், பட்டணத்து ரோட்டை மறித்து யானைகளைக் கடக்க விடுவார்கள். பன்னர்கட்டாவுக்கு நான் பஸ் பிடித்துப் போய் மேசை போட்ட அதே குளிர்காலத்தில், பன்னர்கட்டா எங்கள் வயலுக்கு வந்துகொண்டிருந்தது. நண்பரிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். யானைகளுக்கும் வளையம் போடலாமே, தூரம் கூடினால் எண்ணிக்கை குறைகிறதா பார்க்கலாமே என்று. அவர் அதைச் சிரத்தையாக எடுத்துக்கொண்டு குறித்துவைத்தார்.

எங்கள் வீட்டில் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டரை ஏக்கர். நைனா வருஷத்தில் இரண்டு மாசம் பரணில்தான் படுப்பார். தகரடப்பா, டார்ச்சு, கொஞ்சம் வெடி. ஒரு ஞாயிறு ராத்திரி திரும்பி வந்தபோது பைக்குள் மீதிக் கேள்வித்தாள்கள் இருந்தன. அவரோடு பரணில் உட்கார்ந்து, விளையாட்டாக, கேட்க ஆரம்பித்தேன். வருஷத்துக்கு எத்தனை தடவை வருகிறீர்கள்? அவரும் விளையாட்டாகவே, அறுபது ராத்திரி என்றார். என்ன செலவு? வெடிச் செலவைச் சொன்னார். கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன். இந்த யானைகள் இந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் வருஷத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?

எந்தக் கிறுக்கனும் கேட்காத கேள்வி. போன வருஷம்தான் அரை ஏக்கர் கேழ்வரகை மிதித்திருந்தன. நஷ்டஈடு மனு எழுதிக் கொடுத்தவன் நான். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நைனா கேட்டார்: "குடுக்கறதுன்னா யார் கையிலப்பா குடுக்கறது?"

சொல்லத் தெரியவில்லை. வனத்துறையிடம் என்றேன்.

"அவங்க கிட்டயா? அவங்களா கூட்டியாந்தாங்க?" என்றார். பிறகு, "ரசீது குடுப்பாங்களா?" என்றார். இருட்டில் அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் நண்பரிடம் இன்னொரு வாதத்தைக் கொண்டுபோனேன். நேரத்துக்கு விலை உண்டு என்றால், அறுபது ராத்திரித் தூக்கத்துக்கும் விலை உண்டு. அப்படியானால் யானை பார்க்க அதிகம் செலவழிப்பவர் என் தகப்பனார்தானே? நண்பர் தயங்காமல் பதில் சொன்னார். அது செலவல்ல, நஷ்டம். விரும்பி வந்தால்தான் செலவு. உன் அப்பா பயிருக்காகப் போகிறார், யானைக்காக அல்ல. இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரியாகத்தான் சொல்கிறார் என்று பட்டது.

பதில் சில வருஷம் கழித்து வந்தது. நைனாவுக்கு முழங்கால் போயிற்று, பார்வையும் மங்கிற்று. நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். எடுத்தவர் பசுமைக் குடில் போட்டு ரோஜா வைத்தார். காவலுக்கு அவருடைய ஆள் இருந்தான். நைனாவுக்கு அந்த வயலில் ஒரு வேலையும் கிடையாது. இருந்தும் மார்கழி வந்தால், சாயங்காலம் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு போய் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிடுவார். பனியில் என்ன வேலை என்று அம்மா சண்டை போடுவாள். அவர் ஏதும் சொல்ல மாட்டார். எட்டு, எட்டரைக்குத் திரும்பி வந்து, "ஆறு உருப்படி. குட்டி ஒண்ணு" என்பார். பார்வை மங்கிய மனிதர் எப்படி எண்ணினார் என்று நான் கேட்டதில்லை. காதால் எண்ணியிருப்பார்.

பயிர் இல்லை, நஷ்டம் இல்லை. விரும்பித்தான் போனார். டிக்கெட் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆராய்ச்சி முடியவே இல்லை. நண்பருக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. கேள்வித்தாள்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் என்னிடமே தங்கிவிட்டன. நைனா காலமான வருஷம் அந்தப் பெட்டியை எதற்கோ திறந்தபோது, ஹோட்டலிங்கின் முறையைப் பற்றி நண்பர் எழுதிவைத்திருந்த குறிப்புகளும் அகப்பட்டன. உட்கார்ந்து மறுபடி படித்தேன். இத்தனை நாள் நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

நான் நினைத்திருந்தது இப்படி: இந்த முறையில் தூரத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் மதிப்பு, பக்கத்தில் இருப்பவன் பூஜ்யம். கிழவியை விலக்கியது சூத்திரம்தான், நான் அதன் கருவி. ஆனால் சூத்திரம் சொல்வது வேறு. கடைசி வளையத்திலிருந்து வந்து சேர்கிறவனுக்கு அந்த இடம் எவ்வளவு பெறுமோ அவ்வளவையும் வழியிலேயே செலவழித்துவிடுகிறான், அவன் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. அவனைவிடக் கிட்டத்தில் இருப்பவன் குறைவாகச் செலவழித்து அதையே அடைகிறான், வித்தியாசம் அவனுக்கு மிச்சம். நுகர்வோர் உபரி என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அது. கிட்ட வர வர மிச்சம் கூடும். மையத்தில், செலவே இல்லாமல் இருப்பவனுக்குத்தான் எல்லாவற்றிலும் அதிகம். ஹோட்டலிங்கின் கணக்கில் சுள்ளிக் கட்டோடு நின்ற கிழவிதான் பெரும் பணக்காரி. ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த நைனாவும்.

அவர்களை விலக்கியது சூத்திரமல்ல. மேசையை வாயிலில் போட்டது நாங்கள். டிக்கெட் வாங்குகிறவன்தான் வருகிறவன் என்று குறிப்பு எழுதியது நாங்கள். சூத்திரத்துக்கு இருந்த தாராளம் எங்களுக்கு இருக்கவில்லை. எண்கள் மனிதனைச் சிறுமைப்படுத்துகின்றன என்று கட்டுரை எழுதுவது சுலபம், நானே எழுதியிருக்கிறேன். எந்த எண்ணை எங்கே உட்கார்ந்து எடுத்தோம் என்று கேட்பது அவ்வளவு சுலபமாக இல்லை, ஏனென்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

இதற்கும் மேல் ஒரு இடம் இருக்கிறது, அங்கே சூத்திரத்தோடு எனக்குத் தீராத பிணக்கு. எல்லா வளையத்திலும் இருப்பவர்கள் ஒரே மாதிரி ஆசைப்படுகிறவர்கள் என்று வைத்துக்கொண்டால்தான் அது நடக்கும். கோரமங்கலாவிலிருந்து காரில் வருகிறவனுடைய ஆசையிலிருந்து பெட்ரோலைக் கழித்தால் நைனாவின் ஆசை வந்துவிட வேண்டும். வராது. அவன் யானையைப் பார்க்கப் போகிறான். நைனா, வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். இரண்டும் ஒன்றல்ல. வித்தியாசத்தைச் சொல்ல என்னிடம் ஒரு கேள்வித்தாளும் இல்லை. பதினைந்தாவது கேள்வியாக எதைச் சேர்த்திருக்கலாம் என்று பலநாள் யோசித்திருக்கிறேன்.

2023இல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் நிலங்களைத் தொழிற்பேட்டைக்கு எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். அங்கேயும் பேச்செல்லாம் ஏக்கருக்கு என்ன விலை என்பதில் வந்து நின்றுவிடுமோ என்று பயந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் இரண்டரை ஏக்கர் அதற்கு முன்பே, பாகம் பிரித்ததில், கைமாறிவிட்டது. யாரும் பிடுங்கவில்லை, நாங்களே கையெழுத்துப் போட்டோம். நான் ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

போன மார்கழியில் ஒரு காரியமாக ஊருக்குப் போய்விட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். சானமாவில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். தொழிற்சாலைப் பெண்களின் பஸ்கள் நாலைந்து, லாரிகள், கார்கள், மோட்டார் சைக்கிள்கள். யானை கடக்கப்போகிறது என்றார்கள். எல்லோரும் இறங்கி, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் இறங்கி நின்றேன். இருட்டிவிட்டது. வனத்துறை ஆள் டார்ச்சை அணைக்கச் சொல்லிக் கத்தினார். கிளை ஒடியும் சத்தம் கேட்டது, பிறகு தார் ரோட்டில் பெரிய பாதங்கள் உரசும் மெல்லிய சத்தம். எனக்கு முன்னால் தலைகள். எத்தனை என்று எண்ணப் பார்த்தேன். நாலு வரைக்கும் வந்து தவறிவிட்டது.

மறுபடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது கையில் டிக்கெட் இருந்தது. பஸ் கட்டணம், முக்கால் மணி நேரம், அதில் மூன்றில் ஒரு பங்கு. இனி என்னைக் கணக்கில் சேர்க்கலாம், இரண்டாவது வளையத்தில் இருக்கிறேன். மையத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்ததில் என் மிச்சம் குறைந்திருக்கும் என்கிறது சூத்திரம். அதைப் பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை.